மார்ச் 31-க்குள் வற்ற வேண்டிய ஊருணி

சில ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு மாசி மாதம், எங்கள் ஊர் ஊருணியில் இரண்டு டீசல் மோட்டாரை இறக்கித் தண்ணீரை வெளியே இறைத்தார்கள். கார்த்திகை மழைக்கு நிறைந்து, மேலிருந்து நாலாவது படி வரை நின்ற நல்ல தண்ணீர். மூன்று நாள், ராப்பகலாக. ரோட்டோர வாய்க்காலில் ஓடி, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் பரவி, வெயிலில் காய்ந்து போனது. குடத்தோடு வந்த பெண்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரியிடம் கேட்டேன். "தூர் எடுக்கணும்ல சார். தண்ணி கெடந்தா மெசினு எப்படி எறங்கும்?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

எனக்கு அவர் மேல் கோபமும் வரவில்லை. 34 வருஷம் அரசாங்கத்தில் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். அந்த வேலைக்கான உத்தரவைப் பார்க்காமலே அதில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடுவேன். நிதி ஒதுக்கீடு நடப்பு நிதியாண்டுக்கானது, மார்ச் 31-க்குள் செலவிடப்பட வேண்டும், இல்லையேல் காலாவதியாகும். அப்படி ஒரு வரி இல்லாத உத்தரவை நான் பார்த்ததில்லை. அந்த வரியை நானே எத்தனையோ வரைவுகளில் எழுதியிருக்கிறேன். அன்று கரையில் நின்றபோதுதான் அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கண்ணால் பார்த்தேன்.

இந்தப் பக்கம் வந்து பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டிநாட்டில் ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. காரைக்குடி நகரத்துக்குச் சம்பை ஊற்று இருந்தது, மற்ற ஊர்களுக்கு வானம்தான். அதனால்தான் வீட்டு முற்றத்தில் விழுகிற மழையைக்கூட அண்டாவில் பிடித்தார்கள், மிச்சத்தை வாய்க்கால் வழியாக ஊருணிக்கு அனுப்பினார்கள். மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்துவிடும். தை, மாசியில் ஊருணி நிறைசூலி மாதிரி இருக்கும். சித்திரை, வைகாசியில் இறங்கும். ஆனி, ஆடியில் அடி தெரியும். தூர் எடுக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு மாதம்தான், அப்போதுதான் மண் காய்ந்து வெடித்து மண்வெட்டிக்கு வரும்.

அரசாங்கத்தின் பஞ்சாங்கம் வேறு. பட்ஜெட் மாசியிலோ பங்குனியிலோ சட்டமன்றத்துக்கு வரும். அப்புறம் மானியக் கோரிக்கைகள். அதன் பிறகு துறை முன்மொழிவு அனுப்பி, நிதித்துறை கேள்வி கேட்டு, துறை பதில் சொல்லி, அரசாணை வெளிவந்து, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. ஒவ்வொன்றும் தேவையான படிதான், எதையும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டிப் பார்த்தால் ஆனி, ஆடி காகிதத்திலேயே கழிந்துவிடும். பணி ஆணை கையில் வரும்போது மழை பிடித்திருக்கும். மழை விட்டதும் பார்த்தால் மிச்சம் இருப்பது தை, மாசி, பங்குனி. ஊருணி நிறைந்திருக்கும் மூன்று மாதமும் கணக்கு முடிக்கும் மூன்று மாதமும் ஒன்றாக வந்து நிற்கும்.

இந்த ஏப்ரல்-மார்ச் ஏற்பாடு 1867-இல் வந்தது. அதற்கு முன்னால் இந்தியாவில் அரசுக் கணக்கு மே மாதம் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. லண்டன் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்று மாற்றினார்கள். நம் மழையை யாரும் கேட்கவில்லை. 1984-இல் எல்.கே. ஜா தலைமையில் ஒரு குழு போட்டார்கள், ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று மாற்றலாம் என்று அது பரிந்துரைத்தது. அவர்கள் மனதில் இருந்தது தென்மேற்குப் பருவமழை. இருந்தாலும் அந்த மாற்றம் வந்திருந்தால் எங்களுக்கும் தோதாக இருந்திருக்கும். ஜனவரியில் பணம் கிளம்பினால் காகித வேலை எல்லாம் முடிந்து ஆனிக்குச் சரியாக வந்து சேரும். அரசு ஏற்கவில்லை. 2016-இல் சங்கர் ஆச்சார்யா தலைமையில் இன்னொரு குழு போட்டார்கள். 2017-இல் மத்தியப் பிரதேசம் மாற்றப் போவதாக அறிவித்தது. இன்றுவரை மார்ச் 31 அசையவில்லை.

என் அப்பா ஒரு நகரத்தார் வீட்டில் கணக்குப்பிள்ளை. சிறு வயதில் விடுமுறைக்கு அந்த வளவில்தான் கிடப்பேன். பெட்டகசாலை ஓரத்தில் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடுகள் அடுக்கியிருக்கும். பற்று, வரவு, ஐந்தொகை என்ற சொற்களை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அங்கே கேட்டுத்தான் பழகினேன். கொண்டுவிற்கப் போனவர்களுக்கு ஒரு கணக்கு என்றால் மூன்று வருஷம் என்று அப்பா சொல்வார். பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போகிற ஆள் மூன்று வருஷம் கடையைப் பார்த்துவிட்டு, கணக்கை முடித்து ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். ஒரு வருஷம் விளைச்சல் போனால் அடுத்த வருஷம் ஈடுகட்டலாம் என்பதற்கு அதில் இடம் இருந்தது. சர்க்கார் வேலையில் சேர்ந்த புதிதில், மார்ச் கடைசி வாரம் நள்ளிரவு வரை பில்களுக்கு டோக்கன் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், அந்த மூன்று வருஷக் கணக்கை நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பேரேடுகளில் ஒன்று ஊருணிக் கட்டளைக்கானது, ஊருணிப் பராமரிப்புக்கென்று வைத்த அறக்கொடை அது. பிரபவ வருஷத்தில், அதாவது 1927-இல் தொடங்குகிறது. ஒரு தொகையை முதலாக ஒதுக்கி, பர்மாவில் மோல்மேன் ஊர்க் கடையில் தவணை வட்டிக்குப் போட்டிருந்தார்கள். முதலைத் தொடக்கூடாது. வட்டியில் வருஷா வருஷம் செலவு. ஆனியில் தூர் எடுப்புக்கு இவ்வளவு, புரட்டாசியில் தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலில் முள் வெட்ட இவ்வளவு, காவல்காரனுக்கு மாதம் இவ்வளவு. சில வருஷம் தூர் எடுப்பு இருக்காது. 'வண்டல் போதாது' என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கும், அந்த வருஷத்து வட்டி முதலில் சேர்ந்துவிடும். இந்த வருஷம் செலவழிக்காவிட்டால் அடுத்த வருஷம் கிடையாது என்று யாரும் பயமுறுத்தவில்லை. செலவழிக்காமல் விட்டதை ஒரு கணக்கன் பெருமையாக எழுதி வைத்திருக்கிற பக்கத்தை, செலவாகாத பணத்தைத் திருப்பி 'சரண்டர்' செய்யப் பயந்த அதிகாரிகளுக்கு நடுவில் 34 வருஷம் இருந்தவன் பார்த்தால் எப்படி இருக்கும்!

இதை நான் பொற்காலக் கதையாகச் சொல்ல வரவில்லை. சித்திரபானு வருஷத்தில், 1942-இல், அந்தப் பேரேட்டில் வரவுப் பக்கம் வெறுமையாகிவிடுகிறது. ஜப்பான் படையிடம் பர்மா போனது, அதோடு கட்டளையும் போனது. ஒரு குடும்பத்தின் கடல் கடந்த கடையை நம்பி ஓர் ஊரின் குடிநீர் இருந்தால் இப்படித்தான் ஆகும். இன்னொன்றும் உண்டு. அந்த ஊருணியில் ஊர் முழுக்கத் தண்ணீர் எடுக்கவில்லை. காலனிப் பெண்கள் ஒரு கல் தொலைவு நடந்து கண்மாய்க்குப் போனார்கள். காவல்காரனுக்கு மாதச் சம்பளம் எதற்கு என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஊருணி எல்லாருக்கும் என்று ஆனது அரசாங்கம் வந்த பிறகுதான். அதனால் பழைய தர்மகர்த்தாக்களிடமே விட்டுவிடலாம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். அரசாங்கம்தான் செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்பதில்தான் என் வழக்கு.

அரசாங்கத்துக்கும் நெடுங்காலத் திட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2003-இல் தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது. அதன்படி பட்ஜெட்டோடு ஓர் இடைக்கால நிதித் திட்டத்தையும் வைக்க வேண்டும். அதில் அடுத்து வரும் ஆண்டுகளின் வருவாய், பற்றாக்குறை, கடன் விகிதம் எல்லாம் இருக்கும். நான் வருஷம் தவறாமல் வாசிப்பேன், ஓய்வு பெற்ற பிறகும். ஆனால் அது மொத்தத் தொகைகளின் திட்டம். மூன்றாவது வருஷம் எந்தக் கண்மாய்க்கு எவ்வளவு என்று அதில் தேட முடியாது. பற்றாக்குறையை எவ்வளவுக்குள் நிறுத்துவோம் என்று வாக்குக் கொடுக்கும், எதைக் குறைத்து நிறுத்துவோம் என்று சொல்லாது.

எதைக் குறைப்பார்கள் என்று கணக்குப் பிரிவில் இருந்தவனுக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் மாநில அரசு வெளியிட்ட நிதிநிலை வெள்ளை அறிக்கை ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகச் சொன்னது. அந்தக் கடனுக்கான வட்டியைக் குறைக்க முடியாது. சம்பளம், ஓய்வூதியம், அதையும் தொட முடியாது (என் ஓய்வூதியமும் அதில்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்). மானியத்தைத் தொட்டால் அரசியல். அறிவித்த புதுத் திட்டத்தை வெட்டினால் பத்திரிகையில் வரும். பராமரிப்பை வெட்டினால் மட்டும் யாருக்கும் தெரியாது. வரத்துக்காலில் முள் வெட்டாத வருஷம் ஊருணி வற்றிவிடாது. இரண்டாம் வருஷமும் வற்றாது. ஐந்தாம் வருஷம் மழை பெய்தும் தண்ணீர் வராதபோது, வெட்டிய அதிகாரி இரண்டு பதவி உயர்வு வாங்கி வேறு ஊரில் இருப்பார்.

வருஷா வருஷம் துறைகள் நிதித்துறைக்கு அனுப்பும் நம்பர் ஸ்டேட்மெண்ட் என்ற பட்டியலைத் தயாரிப்பதில் என் உத்தியோகத்தின் பாதி போனது. அதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செலவுகள் ஒரு பக்கம். புதிதாகக் கேட்பவை 'பார்ட் டூ' என்று தனி. பார்ட் டூவுக்குத்தான் மவுசு. கூட்டம் போட்டுப் பேசுவார்கள், அமைச்சர் அறிவிப்பார், கல்வெட்டு வைப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பராமரிப்புச் செலவுக்குப் போன வருஷத் தொகையோடு ஒரு சில சதவீதம் கூட்டிப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். 2702 சிறு பாசனம், 2406 வனம், 3435 சூழலியலும் சுற்றுச்சூழலும். இந்தக் கணக்குத் தலைப்பு எண்கள் எனக்குத் தூக்கத்திலும் வரும். எங்கள் ஊருணி இதில் எதற்குள்ளும் நேராக உட்காராது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு, கோயில் குளம் அறநிலையத் துறைக்கு, ஊருணி ஊராட்சிக்கு. தண்ணீர் மட்டும் இந்தப் பிரிவினை தெரியாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊராட்சிக்கு வரும் பணத்தில் ஒரு முக்கியப் பங்கு ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம். 15-வது நிதிக்குழு அதில் 60 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் என்று கட்டிப்போட்டுக் கொடுத்தது. நல்ல ஏற்பாடு, ஐந்தாண்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். ஆனால் தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தால்தான் வரும். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் இங்கே 2019 டிசம்பரில் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் டெல்லிப் பணம் நின்றது. நெடுங்கால நிதி என்று ஒன்று உண்மையிலேயே கிடைத்த இடத்திலும், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

மாநிலங்களுக்கு வரிப் பங்கு பிரிக்கும்போது காட்டையும் கணக்கில் சேர்க்கிறார்கள், தெரியுமா? 14-வது நிதிக்குழு 7.5 சதவீத எடையை வனப்பரப்புக்குக் கொடுத்தது. 15-வது அதை 10 ஆக்கியது. காட்டை வைத்திருப்பதற்கு ஒரு வெகுமதி. வாங்கிய மாநிலம் அதைக் காட்டுக்கே செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இந்த இரண்டு குழுவும் எண்ணியது அடர்ந்த காட்டைத்தான். எங்கள் செம்மண் பொட்டலும், பொட்டலுக்கு நடுவே நூற்றுக்கணக்கான ஊருணியும் கண்மாயும் அந்தச் சூத்திரத்தில் பூஜ்ஜியம். மாநிலம் தன் பங்குக்கு 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, அப்போது 23.7 சதவீதத்தில் இருந்த பசுமைப் பரப்பை 33 ஆக்குவோம் என்று இலக்கு வைத்தது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். மரத்தை எண்ணலாம், படம் எடுக்கலாம். வண்டல் இல்லாத ஊருணியை எப்படி எண்ணுவது? உள்ளே என்ன இல்லை என்பதுதானே அங்கே சாதனை.

'காலாவதியாகாத நிதி ஒன்றை உண்டாக்கிவிட்டால் போதுமே' என்று நண்பர்கள் சொல்வதுண்டு. காம்பா நிதியின் கதையை அவர்களுக்குச் சொல்வேன். காட்டை அழித்துத் தொழிற்சாலையோ சாலையோ போடுபவர்கள் கட்டும் ஈட்டுத் தொகை அது. கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதைத் தனியாகப் பூட்டி வைத்தது. பூட்டு நல்ல பூட்டு. பணம் காலாவதியாகவில்லை, கூடிக்கொண்டே போனது. சட்டம் 2016-இல்தான் வந்தது. 2019 ஆகஸ்டில் ஒரே மூச்சில் 47,436 கோடி ரூபாயை மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். அத்தனை ஆண்டும் வெட்டிய காட்டுக்கு ஈடாக நட வேண்டிய கன்று வங்கியில் வட்டியாக வளர்ந்துகொண்டிருந்தது. பணத்தைச் சாகாமல் வைத்துக்கொள்வது பாதி வேலைதான்.

ஜப்பான் கடனில் நடந்த காடு வளர்ப்புத் திட்டம் கொஞ்சம் தேவலாம். 1997 முதல் 2005 வரை ஒரு கட்டம், 2005 முதல் 2013 வரை இன்னொன்று. எட்டு வருஷத்துக்கு எட்டு வருஷம் பணம் நிச்சயம். அந்தக் கோப்பைப் பார்த்த கணக்குக்காரர்கள் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். நமக்கு நாமே கொடுத்துக்கொள்ள முடியாத எட்டு வருஷ வாக்கை வெளிநாட்டுக் கடன் ஒப்பந்தம் வாங்கிக் கொடுக்கிறது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திட்டம் முடிந்ததும் ஜீப்பும் பணியிடமும் முடிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கண்மாய்களைச் சீர்படுத்தும் குடிமராமத்து பற்றியும் ஒரு வார்த்தை. 2017 மார்ச்சில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் என்று அது மறுபடி தொடங்கியபோது, மார்ச்சிலா என்று நானும் முணுமுணுத்தேன். பிறகு யோசித்தால், 2016 வடகிழக்குப் பருவமழை அப்படிப் பொய்த்திருந்தது, எந்தக் கண்மாயிலும் இறைக்கத் தண்ணீரே இல்லை. பஞ்சம் வந்தால்தான் நிதியாண்டும் பருவமும் ஒத்துப்போகும் போலிருக்கிறது.

இதற்கெல்லாம் நான் என்ன செய்யச் சொல்கிறேன்? ஆண்டுதோறும் சட்டமன்றம் வாக்களித்துப் பணம் தர வேண்டும் என்பது அரசமைப்பு விதி. அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன், கஜானாச் சாவி அங்கேதான் இருக்க வேண்டும். தேவைக்கு முன்னால் பணம் எடுத்து வங்கியில் போட்டுவைக்கக் கூடாது என்ற கருவூல விதியும் நல்ல விதி. அதை மீறியவர்கள் என்ன செய்தார்கள் என்று தணிக்கைப் பத்திகளில் படித்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஊருணிக்கு அன்று ஆன செலவு சுமார் 8 லட்சம். தூர் எடுத்தார்கள், ஒரு பக்கச் செம்பாறைக் கல் சரிந்தது, அந்தப் பங்குனியிலிருந்து ஐப்பசி வரை ஊர் கேன் தண்ணீர் வாங்கியது. அதே 8 லட்சத்தை முதலாக்கியிருந்தால், 7 சதவீதத்தில் வருஷத்துக்கு 56,000. விலைவாசிக்கு ஈடாக 16,000-ஐ முதலிலேயே சேர்த்துவிட்டாலும் 40,000 கையில் நிற்கும். வரத்துக்கால் முள் வெட்ட, கரை பார்க்க, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஆனியில் நூறு டிராக்டர் வண்டல் எடுக்க அது போதும். நீர்நிலைகளுக்கு மட்டும், ஊராட்சி பெயரில், சட்டமன்றம் ஒருமுறை வாக்களித்து உண்டாக்கி, வட்டியை மட்டும் எடுக்கலாம், மிஞ்சினால் திருப்பத் தேவையில்லை, வருஷா வருஷம் கிராம சபையில் கணக்கைப் படிக்க வேண்டும் என்று ஒரு விதியை எழுத முடியாதா? எழுதலாம். அப்பாவின் பேரேட்டில் அந்த விதி ஏழு வரியில் இருக்கிறது. காவல்காரன் வரியை மட்டும் அடித்துவிட வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-இல் அறிவித்தது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, பறவை கலையக் கூடாது என்று. அதற்கு எந்தத் தலைப்பிலும் ஒதுக்கீடு இல்லை. ஆனால் அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால் தூர்ந்தால் வெடி போடாத ஊரால் மட்டும் என்ன செய்ய முடியும்?

சென்ற புரட்டாசியில் அந்தப் பழைய வளவுக்குப் போயிருந்தேன். பெரிய வீட்டு ஆச்சி தனியாகத்தான் இருக்கிறார். "கணக்குப்பிள்ளை மகன்தானே, வாங்க தம்பி" என்றவர், காபி கொடுத்துவிட்டு ஊருணிப் பேச்சை எடுத்தார். "எங்க அய்யா இருந்த வரைக்கும் தண்ணி கெடக்கையில ஒரு ஆளு எறங்க மாட்டாக. இப்ப தண்ணி இருந்தாத்தான் எறங்குவோம்ங்கிறாகளே, அது என்ன கணக்கு?" நான் படித்த கணக்கு அது என்று சொல்லவில்லை.

அங்கிருந்து ஊராட்சி அலுவலகம். செயலர் தம்பிக்கு மதிப்பீடு எழுத உதவுவதாகச் சொல்லியிருந்தேன். வரத்துக்கால் சுத்தம், கரை மராமத்து, கல் பதிப்பு, எல்லாம் சேர்த்து ஒரு சின்னத் தொகை. தலைப்பில் 'ஊருணி ஆண்டுப் பராமரிப்பு' என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் பொறியாளர் எட்டிப் பார்த்தார். நல்ல பையன், வேலை தெரிந்தவர்.

"சார், பராமரிப்புன்னு போட்டா மேலே வெட்டிருவாங்க. புனரமைப்புன்னு போடுங்க. தொகையையும் கொஞ்சம் பெருசாக்குங்க, சின்னதா இருந்தா யாரும் பார்க்க மாட்டாங்க."

"எப்போ வரும்?"

"போட்டா ஜனவரிக்குள்ள வந்துரும் சார்."

பேனாவை வாங்கி 'ஆண்டுப் பராமரிப்பு' என்பதை அடித்துவிட்டு, மேலே 'புனரமைப்பு' என்று எழுதினேன். சில வருஷத்துக்கு முன் புனரமைத்த அதே ஊருணிக்கு.